சிஎச்ரூட் போட்டால் சர்வர் பத்திரமா?

கேள்வி: எங்களுடையது நாற்பது பேர் வேலை பார்க்கும் நிறுவனம். இருப்பது ஒரே ஒரு லினக்ஸ் சர்வர், அதைப் பார்த்துக்கொள்வது நான் மட்டும். அதில் மூன்று வேலைகள் நடக்கின்றன. வாடிக்கையாளர்கள் பன்னிரண்டு பேர் எஸ்எஃப்டிபி வழியாக ஃபைல் போடுகிறார்கள். பத்து வருடப் பழைய பில்லிங் புரோகிராம் ஒன்று இருக்கிறது, புதிய லினக்ஸ் பதிப்பில் ஓட மறுக்கிறது. வெளியாள் ஒருவர், டெவலப்பர், எஸ்எஸ்எச் வழியாகத் தூரத்திலிருந்து நுழைந்து எங்கள் வெப்சைட்டைக் கவனிக்கிறார். சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளர் இன்னொருவருடைய ஃபைல் பட்டியலைப் பார்த்துவிட்டார், பெரிய சங்கடமாகிவிட்டது. "எல்லாரையும் தனித்தனி சிஎச்ரூட்டில் போட்டுவிடு, பத்திரமாக இருக்கும்" என்கிறார் முதலாளி. ஆளுக்கு ஒரு ஃபோல்டரை மட்டும் காட்டி, வெளியே உள்ளதை மறைத்துவிடுவதுதானே சிஎச்ரூட்? எஸ்எஃப்டிபிக்கு முயன்று பார்த்தேன். பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்ட மறுநொடியே இணைப்பு அறுந்துவிடுகிறது. எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தும் பயனில்லை. எங்கே தவறு? முதலாளி சொல்வது சரிதானா?

பதில்: அறுந்துபோகும் இணைப்பை முதலில் சரிசெய்துவிடுவோம். முதலாளிக்கு அப்புறம் வருகிறேன்.

ரீஸ்டார்ட் செய்வதை நிறுத்திவிட்டு லாகைப் பாருங்கள். வாடிக்கையாளரின் திரையில் 'கனெக்‌ஷன் குளோஸ்டு' என்று மொட்டையாகத்தான் வரும். காரணம் சர்வர் பக்கத்து லாகில் இருக்கும். 'பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ் ஃபார் சிஎச்ரூட் டைரக்டரி' என்று ஒரு வரி அங்கே இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். வாடிக்கையாளரின் ஹோம் ஃபோல்டரையே சிஎச்ரூட்டாகக் கொடுத்திருப்பீர்கள், அந்த ஃபோல்டரும் அவர் பெயரிலேயே இருக்கும். சர்வரில் எஸ்எஸ்எச், எஸ்எஃப்டிபி இரண்டையும் நடத்தும் ஓப்பன்எஸ்எஸ்எச் அதை ஏற்காது. எல்லாவற்றுக்கும் உச்சியான / தொடங்கி அந்த ஃபோல்டர் வரை வழியில் வரும் ஒவ்வொன்றும், முழு அதிகாரமுள்ள யூசரான ரூட் பெயரில் இருக்க வேண்டும். வேறு யாருக்கும், குரூப்புக்கும்கூட, எழுதும் உரிமை இருக்கக் கூடாது. நடுவில் ஒரே ஒரு ஃபோல்டர் 775 ஆக, அதாவது குரூப்பும் எழுதலாம் என்று, இருந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 'நேம்ஐ -எல்' கமாண்டுக்கு முழுப் பாதையையும் கொடுங்கள், வழியிலுள்ள எல்லாவற்றின் பெயரும் பெர்மிஷனும் வரிசையாக வந்துவிடும்.

இது என்ன பிடிவாதம் என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. சிஎச்ரூட்டின் உச்சி ஃபோல்டரில் எழுத முடிகிறவர் அங்கே தானே ஒரு 'இடிசி' ஃபோல்டர் உண்டாக்கலாம், தனக்குப் பிடித்த ரூட் பாஸ்வேர்டோடு ஒரு பாஸ்வேர்டு ஃபைலையும் அதில் வைக்கலாம். உள்ளே 'எஸ்யு' மாதிரி, யார் ஓட்டினாலும் ரூட் அதிகாரத்தோடு ஓடும் செட்யூஐடி புரோகிராம் ஒன்று இருந்துவிட்டால், அது அந்தப் போலி ஃபைலை நிஜம் என்று நம்பி அவரை ரூட் ஆக்கிவிடும். வெறும் எஸ்எஃப்டிபி சிஎச்ரூட்டில் அப்படி எந்தப் புரோகிராமும் இருக்காதுதான். ஆனாலும் ஓப்பன்எஸ்எஸ்எச் ஆளுக்கு ஆள் விதியை வளைப்பதில்லை.

ஆகவே அமைப்பு இப்படி இருக்கட்டும். /எஸ்ஆர்வி/எஸ்எஃப்டிபி என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் வாடிக்கையாளருக்கு ஒன்று. அந்த ஒன்று ரூட் பெயரில், குரூப் மட்டும் அந்த வாடிக்கையாளருடையது, பெர்மிஷன் 750, அதாவது குரூப் பார்க்கலாம், மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. அதற்குள் 'வரவு' என்றோ வேறு பெயரிலோ ஒரு ஃபோல்டரை வாடிக்கையாளர் பெயரில் போடுங்கள், எழுதுவதெல்லாம் அதில்தான். உச்சியில் பலரும் பழக்கத்தில் 755, யாரும் பார்க்கலாம் என்று, போட்டுவிடுவார்கள். சக வாடிக்கையாளர் தன் சிஎச்ரூட்டைத் தாண்டிப் பார்க்க முடியாது, அதனால் அது போதும் என்று நினைப்பு. உங்கள் சர்வரில் சிஎச்ரூட்டுக்கு வெளியே ஷெல்லோடு ஒரு டெவலப்பர் உட்கார்ந்திருக்கிறாரே, அவரை மறந்துவிடாதீர்கள்.

இனி கான்ஃபிக் ஃபைல். பன்னிரண்டு பேரையும் ஒரு குரூப்பில் சேர்த்து, ஓப்பன்எஸ்எஸ்எச்சின் சர்வர் புரோகிராமான எஸ்எஸ்எச்டியின் கான்ஃபிக் ஃபைலின் கடைசியில் அந்தக் குரூப்புக்கு ஒரு 'மேட்ச்' பகுதி போடுங்கள். கடைசியில் என்பது முக்கியம். மேட்ச் என்று தொடங்கினால் அடுத்த மேட்ச் வரும் வரை, அல்லது ஃபைல் முடியும் வரை, கீழே உள்ள எல்லாம் அதில் அடக்கம். பகுதிக்குள் 'சிஎச்ரூட் டைரக்டரி' வரியில் பாதையைக் கொடுத்து, யூசர் பெயர் வர வேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் யு எழுத்தும் போட்டால் ஆளுக்கு ஆள் தானாக மாறிக்கொள்ளும். 'ஃபோர்ஸ் கமாண்ட்' வரியில் இன்டர்னல்-எஸ்எஃப்டிபி என்று கொடுங்கள். இது எஸ்எஸ்எச்டிக்குள்ளேயே இருக்கும் எஸ்எஃப்டிபி. தனி புரோகிராமோ லைப்ரரியோ சிஎச்ரூட்டுக்குள் வேண்டியதில்லை. 2008 இல் இந்த வசதி ஓப்பன்எஸ்எஸ்எச்சில் வருவதற்கு முன், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு குட்டி லினக்ஸையே உள்ளே நகலெடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். இணையத்தில் அந்தக் காலத்துக் குறிப்புகள் இன்னும் சுற்றுகின்றன. அவற்றைப் பார்த்து 'பாஷ்' ஷெல்லையும் லைப்ரரிகளையும் உள்ளே அள்ளிப் போட்டிருந்தீர்களானால் அழித்துவிடுங்கள்.

மாற்றியதும் 'எஸ்எஸ்எச்டி -டி' அடித்து கான்ஃபிக்கில் பிழை இல்லை என்று பார்த்த பிறகே ரீலோடு செய்யுங்கள். நீங்கள் இருக்கும் செஷனை மூடாமல் வைத்துக்கொண்டு இன்னொரு ஜன்னலில் நுழைந்து பாருங்கள். சொந்த வீட்டுக்கு வெளியே நின்று கதவைத் தட்டும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

இதே மேட்ச் பகுதியில் பெரும்பாலானோர் விட்டுவிடுவது ஒன்று உண்டு. சிஎச்ரூட் ஃபைல் பாதையை மட்டும்தான் மாற்றும், நெட்வொர்க்கைத் தொடாது. எஸ்எஸ்எச் இணைப்புக்குள்ளேயே வேறு நெட்வொர்க் இணைப்பை நுழைத்து அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங்கை ஃபோர்ஸ் கமாண்டும் தடுக்காது. உங்கள் வாடிக்கையாளர் எஸ்எஃப்டிபியை விட்டுவிட்டு, எந்தக் கமாண்டும் ஓட்டாமல் வெறும் போர்ட் ஃபார்வர்டிங்குக்கு மட்டும் எஸ்எஸ்எச் இணைப்பைத் திறந்தால், சர்வர் தனக்குள் மட்டும் பேசும் 127.0.0.1 முகவரியில் கேட்டுக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் அவர் கைக்கு எட்டிவிடும். 'வெளியிலிருந்து யாரும் வர முடியாது, லோக்கலுக்கு மட்டும்தான் திறந்திருக்கிறது' என்று நிம்மதியாக இருப்போமே, அதே டேட்டாபேஸ்தான். ஆகவே அந்தப் பகுதியிலேயே டிசிபி ஃபார்வர்டிங், யூனிக்ஸ் சாக்கெட் ஃபார்வர்டிங், ஏஜென்ட் ஃபார்வர்டிங், எக்ஸ்11, டனல் எல்லாவற்றுக்கும் 'நோ' போடுங்கள். இந்த ஐந்து வரி இல்லாத எஸ்எஃப்டிபி சிஎச்ரூட்டுகளை நான் பார்த்த அளவுக்கு, இருக்கும் சிஎச்ரூட்டுகளைப் பார்த்ததில்லை.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். சிஎச்ரூட்டுக்குள் /டெவ்/லாக் இருக்காது என்பதால், யார் எந்த ஃபைலைப் போட்டார்கள் என்ற பதிவு சில சிஸ்டங்களில் நின்றுபோகும். லாக் எழுதும் ஆர்சிஸ்லாகில் ஒவ்வொரு சிஎச்ரூட்டுக்குள்ளும் கூடுதலாக ஒரு லாக் சாக்கெட் திறக்கச் சொன்னால் சரியாகிவிடும். 'நான் அனுப்பினேன்', 'எனக்கு வரவில்லை' என்ற சண்டை வரும் நாளில் இந்தப் பதிவுதான் கைகொடுக்கும். அப்புறம், /எஸ்ஆர்வி/எஸ்எஃப்டிபியைத் தனிப் பார்ட்டிஷனில் வையுங்கள். முடிந்தால் ஆளுக்கு இவ்வளவு என்று கோட்டாவும் போடுங்கள். ஒருவர் தெரியாமல் பேக்கப் முழுவதையும் உங்கள் தலையில் கொட்டினால், டிஸ்க் நிரம்புவதை சிஎச்ரூட் தடுக்காது.

சரி, முதலாளி சொன்னதற்கு வருவோம்.

ஒருவர் பட்டியலை இன்னொருவர் பார்த்தாரே, அது நடந்தது சிஎச்ரூட் இல்லாததால் அல்ல, பெர்மிஷன் ஒழுங்காக இல்லாததால். எல்லாருடைய ஃபோல்டரும் 755, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று கிடந்திருக்கும். அதை இன்றைக்கே திருத்திவிடலாம், சிஎச்ரூட் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

சிஎச்ரூட் 1979 இல், யூனிக்ஸ் ஏழாம் பதிப்புக் காலத்தில் வந்தது. ஒரு புரோகிராமுக்கு '/ என்றால் இனி உனக்கு இந்த ஃபோல்டர்தான்' என்று சிஸ்டத்தின் மையமான கர்னல் சொல்லிவிடும். அது செய்வது அவ்வளவுதான். பிஎஸ்டியில் அது 1982 வாக்கில் பயன்பட்டதே, ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தைக் கெடுக்காமல் புதிய பதிப்பைக் கட்டிப் பார்க்கத்தான். ஆளை அடைத்து வைப்பதற்காக யாரும் அதைச் செய்யவில்லை. லினக்ஸின் சொந்தக் கையேட்டுப் பக்கமே இதைப் பாதுகாப்புக்கான ஏற்பாடாக நினைத்து உருவாக்கவில்லை என்று சொல்கிறது. நிஜமாகவே அடைத்து வைக்க ஒன்று வேண்டும் என்றுதான் 2000 இல் ஃப்ரீபிஎஸ்டியில் 'ஜெயில்' வந்தது.

சிஎச்ரூட்டுக்குள் இருக்கும் புரோகிராம் கிணற்றுத் தவளை. கிணறுதான் உலகம் என்று இருக்கும். ஆனால் கிணற்றுக்கு மேல் மூடி கிடையாது. ரூட் உரிமையோடு உள்ளே இருப்பவர் ஏறி வந்துவிடுவார். அதிலும் சாகசம் எதுவும் இல்லை. உள்ளேயே ஒரு புது ஃபோல்டர் உண்டாக்கி, அதற்குள் மறுபடியும் சிஎச்ரூட் செய்ய வேண்டியதுதான். சிஎச்ரூட் எல்லையைத்தான் மாற்றும், நின்றுகொண்டிருக்கும் இடத்தை மாற்றாது. எல்லை ஒரு படி கீழே போய்விட்டது, ஆள் எல்லைக்கு மேலே நிற்கிறார். இனி 'ஒரு படி மேலே' என்று பொருள்படும் இரண்டு புள்ளி வைத்து மேலே மேலே போனால் கர்னல் எங்கே நிறுத்தும்? எல்லையைத் தொடும்போதுதான் நிறுத்தும். இவர் போகும் வழியில் அந்த எல்லையே இல்லை. நேராக சர்வரின் நிஜ / வரை போய்விடுவார்.

ரூட் இல்லாதவரிடமும் கவனம் வேண்டும். உள்ளே இருக்கும் புரோகிராமும் வெளியே இருக்கும் ஒரு புரோகிராமும் ஒரே யூசர் பெயரில் ஓடினால், உள்ளே இருப்பது வெளியே இருப்பதைக் கொல்லலாம், சில அமைப்புகளில் அதன் நினைவகத்தில் கைவைத்து அதன் வழியாகவே வெளியே வந்துவிடலாம். வெப்சைட், பில்லிங், எஸ்எஃப்டிபி மூன்றையும் ஒரே யூசரில் ஓட்டிக்கொண்டு ஆளுக்கொரு சிஎச்ரூட் போடுவதில் அர்த்தமே இல்லை. கர்னலும் மெமரியும் சிபியூவும் எல்லாருக்கும் பொதுதான்.

இப்படிப் பார்த்தால் உங்கள் வாடிக்கையாளர்களுக்கு சிஎச்ரூட் கச்சிதமாகப் பொருந்துகிறது. அவர்கள் ரூட் இல்லை, உள்ளே ஓட்ட புரோகிராமும் இல்லை, ஃபைல் போடுவதைத் தவிர வேறு வேலையும் இல்லை. முதலாளி அந்த வரைக்கும் சரி.

பில்லிங் புரோகிராமுக்கும் சிஎச்ரூட் பொருந்தும், ஆனால் காரணம் பாதுகாப்பு இல்லை. பழைய லைப்ரரிகளோடு அதற்கு ஒரு பழைய உலகத்தை உண்டாக்கிக் கொடுக்கிறீர்கள். சிஎச்ரூட்டின் பிறவி வேலையே அதுதான். டெபியன் வகை சர்வர் என்றால் 'டெப்பூட்ஸ்ட்ராப்' கொண்டு அந்தப் பழைய பதிப்பை ஒரு ஃபோல்டருக்குள் முழுசாக இறக்கிவிடுங்கள். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஃபைல்களை ஒவ்வொன்றாக நகலெடுக்கப் போகாதீர்கள். அந்த வழியில் போனால் உங்கள் முதல் மாலை இப்படிக் கழியும். புரோகிராமை உள்ளே வைத்து ஓட்டுவீர்கள். 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று வரும். எல்எஸ் அடித்தால் ஃபைல் கண்முன்னே இருக்கிறது, ஓட்டும் உரிமையும் இருக்கிறது. மறுபடி ஓட்டினால் மறுபடியும் அதே பதில். காணாமல் போனது உங்கள் புரோகிராம் அல்ல, அதை எழுப்பிவிடும் டைனமிக் லோடர். 64 பிட் லினக்ஸில் அது /லிப்64 க்குள் இருக்கும், அதை நகலெடுக்க விட்டிருப்பீர்கள். கர்னல் எது இல்லை என்று பெயர் சொல்லாமல் பொத்தாம்பொதுவாக 'இல்லை' என்றுவிடுகிறது. 'எல்டிடி' அடித்தால் தேவையான லைப்ரரிகளோடு லோடரின் பெயரும் வரும். ஓடும்போது புரோகிராம் தானாகத் தேடிப் போய்த் திறக்கும் லைப்ரரிகளை மட்டும் அதுவும் காட்டாது.

முழுசாக இறக்கினாலும் இரண்டு இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே /டெவ்/நல் சாதனமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், வேண்டாத வெளியீட்டை அங்கே தள்ளும் ஸ்கிரிப்ட் அந்தப் பெயரில் ஒரு சாதாரண ஃபைலையே உண்டாக்கிவிடும், அது மாதக்கணக்கில் கொழுத்துக்கொண்டே போகும். அப்புறம் /இடிசி/லோக்கல்டைம். அது இல்லாவிட்டால் உள்ளே மணி யூடிசியில் ஓடும். பில்லில் அச்சாகும் நேரம் தவறும், நள்ளிரவை ஒட்டிய பில்களில் தேதியே மாறிவிடும். கணக்குப் பிரிவிலிருந்து போன் வரும்போது சிஎச்ரூட் என்ற சொல்லே உங்களுக்கு ஞாபகம் வராது.

இந்தப் பழைய உலகத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் வராது. நீங்கள் வெளியே எத்தனை தடவை சர்வரை அப்டேட் செய்தாலும் உள்ளே இருக்கும் லைப்ரரிகள் அப்படியே கிடக்கும். ஆகவே அதை ஷெல் ஸ்கிரிப்ட் வைத்து ஓட்டாமல், சர்வரில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியின் சர்வீஸாக ஓட்டுங்கள். 'ரூட் டைரக்டரி' என்ற வரியில் அந்த ஃபோல்டரைக் கொடுத்தால் சிஎச்ரூட் வேலையை சிஸ்டம்டியே பார்த்துக்கொள்ளும். தனி யூசர் கொடுங்கள், 'நோ நியூ பிரிவிலேஜஸ்' போடுங்கள், 'ஐபி அட்ரஸ் டினை' வரியில் எல்லாவற்றையும் மறுத்துவிட்டு டேட்டாபேஸின் முகவரியை மட்டும் அனுமதியுங்கள். எழுத வேண்டிய ஃபோல்டரை 'பைண்ட் பாத்ஸ்' வழியாக உள்ளே காட்டுங்கள்.

அந்தக் கடைசி வரியை அழுத்திச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே மாதிரி ஒரு பழைய புரோகிராமுக்காக சிஎச்ரூட் போட்டேன். ஊழியர்களின் ஃபைல்கள் உள்ளே தெரிய வேண்டும் என்று /ஹோமை 'மவுண்ட் --பைண்ட்' செய்து உள்ளே காட்டினேன். சிம்லிங்க் போட்டால் போதாது, அது சிஎச்ரூட்டுக்குள்ளேயே தேடி வழி தெரியாமல் நிற்கும். எட்டு மாதம் கழித்து அந்தப் புரோகிராம் வேண்டாம் என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எதையும் கேட்காமல் அழிக்கும் 'ஆர்எம் -ஆர்எஃப்' கமாண்டை அந்த ஃபோல்டருக்கு அடித்தேன். இரண்டு நொடியில் முடிய வேண்டிய கமாண்ட், முடியவில்லை. டீ குடிக்க எழுந்தவன் பாதியில் நின்று திரையைப் பார்த்தேன். ஏன் இவ்வளவு நேரம் என்று யோசித்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. உள்ளே /ஹோம் இன்னும் மவுண்ட் ஆகியே இருந்தது. கன்ட்ரோல்-சி அடிப்பதற்குள், பல ஆட்களின் ஹோம் ஃபோல்டர் காலி. முந்தின இரவின் பேக்கப் இருந்தது. அன்றைய பகல் வேலை போனது போனதுதான்.

ஆர்எம் கமாண்டில் 'ஒன் ஃபைல் சிஸ்டம்' என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது, அது காப்பாற்றியிருக்குமே என்று பின்னர் ஒருவர் சொன்னார். காப்பாற்றியிருக்காது. /ஹோமும் சிஎச்ரூட்டும் ஒரே ஃபைல் சிஸ்டத்தில் இருந்தன. பைண்ட் மவுண்ட் ஆனாலும் டிவைஸ் எண் ஒன்றேதான், ஆர்எம்முக்கு வித்தியாசம் தெரியாது. சிஸ்டம்டியின் பைண்ட் பாத்ஸ் அந்த சர்வீஸின் சொந்த மவுண்ட் நேம்ஸ்பேஸுக்குள், அதாவது அது மட்டும் பார்க்கும் மவுண்ட் பட்டியலுக்குள், மட்டும் இருக்கும். வெளியே நின்று பார்க்கும் ஆர்எம்முக்கு அங்கே காலி ஃபோல்டர்தான் தெரியும். கையால் மவுண்ட் செய்தே ஆக வேண்டும் என்றால், அழிக்கும் முன் 'ஃபைண்ட்எம்என்டி' அடித்து அந்தப் பாதைக்குக் கீழே எதுவும் மவுண்ட் ஆகவில்லை என்று பாருங்கள்.

டெவலப்பர் விஷயம் சுருக்கமாக முடிந்துவிடும். அவருக்கு சிஎச்ரூட் வேண்டாம். கோட் பதிப்புகளைக் காக்கும் கிட் கேட்பார், எடிட்டர் கேட்பார், டேட்டாபேஸ் கிளையன்ட் கேட்பார். மூன்றாவது வாரத்தில் உள்ளே ஒரு முழு லினக்ஸ் உட்கார்ந்திருக்கும், அதை அப்டேட் செய்ய ஆள் இருக்காது. நான்காவது வாரத்தில் 'ஒரே ஒரு கமாண்டுக்கு மட்டும்' சூடோ, அதாவது ரூட் அதிகாரம், கேட்பார். மேலே சொன்ன இரண்டு புள்ளிக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். வெப்சைட்டைத் தனி விர்ச்சுவல் மெஷினுக்கு மாற்றி அவரை அங்கே விடுங்கள். அது முடியாவிட்டால் ரூட் இல்லாத யூசரில் ஓடும் பாட்மேன் கன்டெய்னர். அதைவிட நல்லது, அவர் கிட்டில் போட்டால் சர்வர் தானே எடுத்துக்கொள்ளும்படி செய்து, ஷெல்லையே எடுத்துவிடுவது.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை வாடிக்கையாளர் கணக்கு உண்டாக்கி நீங்களே நுழைந்து பாருங்கள். எஸ்எஃப்டிபியில் பத்து தடவை மேலே போகச் சொன்னாலும் / இல்தான் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் சர்வரில் அந்த செஷனில் வாடிக்கையாளர் பெயரில் ஓடும் புராசஸின் எண்ணைக் கண்டுபிடித்து, /பிராக் க்குள் அந்த எண்ணின் கீழ் 'ரூட்' என்ற லிங்க் எங்கே காட்டுகிறது என்று ரூட்டாகப் பாருங்கள். வாடிக்கையாளர் ஃபோல்டரைக் காட்டினால் சரி, வெறும் / என்று காட்டினால் மேட்ச் பகுதி அவருக்குப் பொருந்தவே இல்லை. இரண்டாவது, அதே கணக்கில் டேட்டாபேஸ் போர்ட்டுக்கு ஃபார்வர்டிங் திறந்து இணைத்துப் பாருங்கள், மறுக்க வேண்டும். மறுக்கவில்லையென்றால் கான்ஃபிக் ஃபைலை மேலிருந்து வாசியுங்கள். ஒரே யூசருக்கு இரண்டு மேட்ச் பகுதிகள் பொருந்தி, இரண்டிலும் ஒரே அமைப்பு இருந்தால், முதலில் வருவதுதான் செல்லும். டெவலப்பருக்காக எப்போதோ போட்ட ஒரு 'யெஸ்' அங்கே மேலே உட்கார்ந்திருக்கக்கூடும்.